பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18: உள்ளூர் மேடை தாண்டி ஊர் ஊராகக் கிளம்பும் பேண்டுக்கு வாங்கலாமா?

உள்ளூரில் நல்ல பெயர் வாங்கிய ராக் பேண்டு வெளியூர் மேடையில் தடுமாறினால், வாசிப்பில் குறை என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் அது காரணமாக இருக்காது. மேடையில் நிற்பவர்களுக்குத் தங்கள் சத்தமே சரியாகக் கேட்டிருக்காது. சென்னையில் மாதாமாதம் வாசிக்கும் பப்பில் சவுண்டு பார்க்கும் அண்ணனுக்கு உங்கள் பாட்டெல்லாம் அத்துப்படி. பாடகர் காதுக்கு கிடார் எவ்வளவு வேண்டும், டிரம்மருக்கு பேஸ் எவ்வளவு வேண்டும் என்று சொல்லாமலே வைத்துவிடுவார். பெங்களூரு, புனே, ஷில்லாங் என்று போக ஆரம்பித்தால் ஒவ்வொரு ஊரிலும் மிக்சர் வேறு, ஆள் வேறு, வெட்ஜ் (வாசிப்பவரை நோக்கித் தரையில் வைக்கும் ஸ்பீக்கர்) எண்ணிக்கை வேறு. ஐஐடி மெட்ராஸின் சாரங் போன்ற கல்லூரி விழாப் போட்டியாகட்டும், 2010-இல் புனேயில் தொடங்கிய என்எச்7 வீக்கெண்டர் மாதிரி பெரிய விழாவாகட்டும், வளர்ந்துவரும் பேண்டுக்கு முழு சவுண்ட் செக் கிடைப்பது அபூர்வம். முந்தைய பேண்டு இறங்கியதும் அவசர அவசரமாக ஒரு லைன் செக் (ஒவ்வொரு மைக்கும் சத்தம் தருகிறதா என்று மட்டும் பார்ப்பது), அவ்வளவுதான்.

இதற்கு ஒரே தீர்வு, மானிட்டர் மிக்ஸை, அதாவது வாசிப்பவர்கள் தங்களுக்கென்று கேட்கும் சத்தக் கலவையை, கையோடு எடுத்துப் போவது. அந்த வேலைக்கு பெஹ்ரிங்கரின் எக்ஸ் ஏர் எக்ஸ்ஆர்18 என்ற டிஜிட்டல் மிக்சர் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் இங்கே கேள்வி. மக்கள் கேட்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கான மிக்சராக அதை இங்கே எடைபோடவில்லை. அதை அந்தந்த ஊர்க்காரர் தன் மிக்சரில் பார்த்துக்கொள்ளட்டும். காதுக்குள் போகும் சத்தத்தை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம்.

பெட்டி 3யூ உயர ரேக்கில் (கருவிகளைத் திருகி மாட்டும் சட்டம்) உட்காரும், எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். 16 மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி), 17, 18-ஆம் சேனல்களுக்கு ஒரு ஜோடி லைன் உள்ளீடு, ஆறு ஆக்ஸ் வெளியீடு (ஒவ்வொன்றிலும் தனி மிக்ஸ் அனுப்பலாம்), மெயின் இடது வலது, ஒரு ஹெட்போன் துளை. முதல் இரண்டு உள்ளீடுகள் ஹை-இசட்; கிடாரையோ பேஸையோ டிஐ (கருவியின் சிக்னலை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) இல்லாமல் நேராகவே செருகலாம். கணினியோடு யூஎஸ்பியில் 18 தடம் போகும், 18 தடம் வரும். மேலே சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரும் இல்லை, திரையும் இல்லை; எல்லாமே டேப்லெட், போன், லேப்டாப் வழியாகத்தான். ப்ரீஆம்ப் மிடாஸ் வடிவமைப்பு என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். இன்-இயரில் (காதுக்குள் செருகும் இயர்போன்) கேட்கும்போது இரைச்சல் தொந்தரவு செய்வதில்லை. இந்த விலைக்கு அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

மிக்சர் மட்டும் வாங்கினால் காரியம் நடக்காது. ஸ்ப்ளிட்டர் வேண்டும். மேடையில் வரும் ஒவ்வொரு மைக்கும் முதலில் ஸ்ப்ளிட்டருக்குப் போய், அங்கிருந்து ஒரு வழி எக்ஸ்ஆர்18-க்கும் மறுவழி ஊர்க்காரரின் ஹவுஸ் மிக்சருக்கும் பிரிய வேண்டும். ட்ரான்ஸ்பார்மர் உள்ளதாகவே வாங்குங்கள். ஏஆர்டி எஸ்8 மாதிரி எட்டு சேனல் பெட்டிகள் இரண்டு போதும். அதில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு நேரடி வெளியீடும், ட்ரான்ஸ்பார்மரால் தனிப்படுத்திய இன்னொரு வெளியீடும் உண்டு. வெறும் ஒய்-கேபிளில் பிரித்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு முதல் ஜென்செட் மேடையிலேயே ஹம் என்ற மின் இரைச்சல் வந்து நிற்கும்.

எந்த வெளியீடு யாருக்கு என்பதில்தான் பல பேண்டுகள் கோட்டை விடுகின்றன. ஃபேன்டம் பவர், அதாவது சில மைக்குகளுக்கு மிக்சர் கேபிள் வழியே தரும் 48 வோல்ட், நேரடி வெளியீட்டின் வழியாக மட்டும்தான் மைக்குக்குத் திரும்பிப் போகும். ட்ரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்து போகாது. நேரடி வெளியீட்டை எக்ஸ்ஆர்18-க்குக் கொடுத்தால் ஓவர்ஹெட் மைக்குக்கும் ஆக்டிவ் டிஐக்கும் 48 வோல்ட் உங்கள் கையில் இருக்கும், ஊர்க்காரரிடம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டாம். பதிலுக்கு ஒரு ஆபத்தும் உண்டு: உங்கள் ரேக்கில் கரண்ட் போனால் அந்த மைக்குகள் ஹவுஸ் மிக்சரிலும் செத்துவிடும். இருந்தாலும் நேரடியை நம் பக்கம் வைப்பதே மேல். மாலை ஏழு மணிக்கு இருட்டான மேடையில் யார் 48 வோல்ட் போட்டார்கள், யார் போடவில்லை என்று தேடுவதைவிட ரேக்குக்கு யூபிஎஸ் வைப்பது சுலபம்.

ஹம் வந்தால் ஸ்ப்ளிட்டரில் தனிப்படுத்திய வெளியீட்டின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (ஆடியோ கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் துண்டிப்பது) தட்டுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மேடைக்கும் ஹவுஸ் மிக்சருக்கும் கரண்ட் வேறுவேறு இடத்திலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். ரேக்கின் பவர் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கவோ டேப் சுற்றவோ யாராவது வந்தால் விடவே கூடாது. கிடார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே சமயத்தில் படுகிற பாடகருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஐந்து பேர் கொண்ட பேண்டுக்கு 16 சேனல் எப்படிப் போதுமானதாகிறது என்று பார்க்கலாம். கிக் 1, ஸ்நேர் 2, ஹைஹாட் 3, ராக் டாம் 4, ஃப்ளோர் டாம் 5, ஓவர்ஹெட் 6, 7, பேஸ் 8, இரண்டு கிடார் 9, 10, கீபோர்டு 11, முதல் குரல் 12, பின்குரல் 13, 14. பதினைந்தில் டாக்பேக், இது பேண்டுக்குள் பேசிக்கொள்ள மட்டும். பதினாறில் கிளிக் (தாளம் தவறாமலிருக்கக் காதில் கேட்கும் டிக் டிக் சத்தம்). 17/18-இல் பேக்கிங் ட்ராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை). இந்த வரிசையை முடிவு செய்துவிட்டால் எந்த ஊருக்கும் மாற்றக் கூடாது. ரைடரில் (நிகழ்ச்சி நடத்துபவருக்கு முன்கூட்டி அனுப்பும் தேவைப் பட்டியல்) போகும் இன்புட் லிஸ்ட்டும் இதே வரிசையில் இருக்கட்டும். ஸ்ப்ளிட்டரிலிருந்து ஹவுஸ் ஸ்டேஜ் பாக்ஸுக்கு (மேடையில் மைக் கேபிள்களைச் செருகும் பெட்டி) போகும் எக்ஸ்எல்ஆர் வால் கேபிள்களுக்கு இரண்டு முனையிலும் எண் ஒட்டுங்கள். 15, 16 வால்களைக் கட்டாமலேயே விட்டுவிடுவது நல்லது. அவசரத்தில் ஊர்க்காரர் 15-ஐச் செருகினால் டிரம்மர் மேடையில் திட்டுவதும் மக்களுக்குக் கேட்கும்.

ஆடியன்ஸ் சத்தத்துக்கென்று இந்த வரிசையில் ஒரு மைக்கும் இல்லை என்பது உண்மையான குறை. காது முழுக்க அடைத்த பாடகருக்குக் கூட்டம் கைதட்டுவது கேட்காது; ஒரு பக்க இயர்போனைக் கழற்றிவிடுவார். அதனால் கழற்றாத காதில் சத்தத்தை ஏற்றச் சொல்வார், கேட்புத்திறனுக்கு அது கேடு. ஹைஹாட் மைக்கைக் கைவிட்டு அதை மேடை ஓரத்தில் கூட்டத்தை நோக்கி வைக்கலாம். ஹைஹாட் சத்தம் ஓவர்ஹெட்டில் தாராளமாக வந்துவிடும்.

ஆக்ஸ் ஆறு என்பதுதான் இந்தப் பெட்டியின் எல்லைக்கோடு. மோனோவாக ஆறு பேர், ஸ்டீரியோவாக மூன்று பேர். ஐவர் பேண்டில் நான்கு பேருக்கு மோனோ கொடுத்து, 5, 6-ஐ ஜோடியாக்கிப் பாடகருக்கு ஸ்டீரியோ கொடுப்பது நடைமுறையில் நன்றாக வருகிறது. இன்னும் ஆள் கூடினால் அல்ட்ராநெட் துளை இருக்கிறது. ஒரு நெட்வொர்க் கேபிளில் 16 சேனலை அனுப்பி, பி16-எம் என்ற தனிநபர் மிக்சரை ஒவ்வொருவர் பக்கத்திலும் வைக்கலாம். செலவும் சுமையும் கூடும், ஆனால் அடிக்கடி மிக்ஸை மாற்றும் டிரம்மருக்கு அது போனைவிட வசதி.

முதல் ஒத்திகையிலேயே ஆறு ஆக்ஸுக்கும் போகும் சென்டுகள் ப்ரீ-ஃபேடரில், அதாவது சேனல் ஃபேடரை நகர்த்தினாலும் மாறாதபடி, இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு ஆக்ஸிலும் உள்ள கம்ப்ரெசரை உயர்ந்த ரேஷியோவில், சத்தம் ஓர் அளவைத் தாண்டவிடாத லிமிட்டராக வையுங்கள். யாராவது ஃபேன்டம் ஓடும்போதே கேபிளைப் பிடுங்கினால் வரும் அந்த வெடிச்சத்தம் காதுக்குள் நேராகப் போகாமல் தடுக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

டிரம்மரும் கீபோர்டுக்காரரும் இடம் மாறாதவர்கள், அவர்களுக்கு வயர்லெஸ் தேவையில்லை. பெஹ்ரிங்கரின் பி2 மாதிரி இடுப்பில் மாட்டும் சிறு ஆம்ப் இரண்டு டிரிபிள்-ஏ பாட்டரியில் ஓடும். அதில் மோனோ, ஸ்டீரியோ சுவிட்ச் ஒன்று உண்டு, பிரச்சினையே அங்கேதான். மோனோ ஆக்ஸை எக்ஸ்எல்ஆரில் கொடுத்துவிட்டுச் சுவிட்ச் ஸ்டீரியோவில் இருந்தால் ஒரு காதில் சிக்னல் நேராகவும் மறுகாதில் தலைகீழாகவும் வரும். சத்தம் இருக்கும், ஆனால் பேஸ் காணாமல் போய்த் தலைக்கு வெளியே எங்கோ கேட்பதுபோல் இருக்கும். "இன்-இயர் கேட்டாலே தலை சுற்றுகிறது" என்று டிரம்மர் சொன்னால் முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

இனி வைஃபை. எக்ஸ்ஆர்18-ஐப் பற்றிய புகார்களில் பாதி இதைப் பற்றியதுதான், அந்தப் புகார்கள் நியாயமானவை. உள்ளேயே இருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும், நான்கு கருவிகள் வரைதான் இணையும். ஒத்திகை அறையில் பிரமாதமாக ஓடும். கூட்டம் நிறைந்த மைதானத்தில் ஒவ்வொருவர் பையிலும் ஒரு போன். அந்த அலைவரிசை அடைத்துக்கொள்ளும். சவுண்ட் செக்கில் சரியாக இருந்தது, நிகழ்ச்சி தொடங்கியதும் ஆப் உறைந்துவிட்டது என்பார்கள். சத்தம் நிற்காது. மிக்சர் கடைசியாக இருந்த நிலையில் ஓடிக்கொண்டே இருக்கும், மாற்றத்தான் முடியாது. ஆனால் பாடகருக்குக் குரல் கேட்காத நேரத்தில் உறைந்தால் அது போதும் நிகழ்ச்சியைக் கெடுக்க.

எனவே உள் வைஃபையை மறந்துவிடுங்கள். முன்பக்கத்துச் சுவிட்சை ஈதர்நெட்டுக்குத் தள்ளி, 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ரவுட்டர் ஒன்றைக் கேபிளில் இணையுங்கள். ரவுட்டரை இரும்பு ரேக்குக்குள் பூட்டி வைத்தால் பாதிப் பயன்தான். மைக் ஸ்டாண்டில் கட்டி ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி நிறுத்துங்கள். வைஃபை சேனலை ரவுட்டர் தானாகத் தேர்வு செய்யவிடாமல் 36 முதல் 48-க்குள் ஒன்றை நீங்களே நிலையாக வையுங்கள். மிக்சருக்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள். அடுத்தது போன்கள். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் ஆண்ட்ராய்டு போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ஆப் மிக்சரைத் தொலைத்துவிடும். இணையம் இல்லாவிட்டாலும் இணைப்பிலேயே இரு என்று அமைத்துவிட்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்து வைப்பது உத்தமம். கடைசிப் பாதுகாப்பாக எக்ஸ் ஏர் எடிட் என்ற மிக்சர் மென்பொருள் உள்ள லேப்டாப் ஒன்று ரவுட்டரில் கேபிளோடு இணைந்து மேடை ஓரத்தில் இருக்கட்டும்.

பேண்டில் ஒவ்வொருவரும் தங்கள் மிக்ஸைத் தாங்களே போனில் வைத்துக்கொள்ள மிக்சிங் ஸ்டேஷன் என்ற ஆப் பெஹ்ரிங்கரின் சொந்த ஆப்பைவிட வசதியானது. ஒருவர் தன் ஆக்ஸை மட்டும் தொடும்படி அதில் கட்டுப்படுத்தலாம். அதைச் செய்யாவிட்டால் கிடாரிஸ்ட் தன் சத்தத்தை ஏற்றுவதாக நினைத்து டிரம்மர் காதில் ஏற்றிவிடுவார். அதற்குப் பிறகு நடக்கும் சண்டையை எந்த மிக்சரும் தீர்க்காது.

கிளிக்கும் ட்ராக்கும் வைத்து வாசிக்கும் பேண்டுக்கு யூஎஸ்பி பெரிய வரம். லேப்டாப்பிலிருந்து கிளிக்கைப் பதினாறாம் தடத்திலும் ட்ராக்கை 17/18-இலும் அனுப்பி, அந்தச் சேனல்களின் மூலத்தை யூஎஸ்பி என்று மாற்றினால் முடிந்தது, தனி ஆடியோ இண்டர்ஃபேஸ் வேண்டாம். ட்ராக் மக்களுக்கும் போக வேண்டுமே? மெயின் இடது வலது சும்மாதான் இருக்கிறது. மற்ற எல்லாச் சேனலிலும் மெயினுக்கு அனுப்பும் எல்ஆர் பொத்தானை அணைத்து, 17/18-இல் மட்டும் போட்டு வைத்தால் மெயின் வெளியீட்டில் ட்ராக் மட்டும் போகும். சேனலை மியூட் செய்து இதைச் சாதிக்கப் பார்க்க வேண்டாம், எல்ஆர் பொத்தான்தான் சரியான வழி. ஆனால் அந்த மெயின் வெளியீட்டை நேராக ஹவுஸ் ஸ்டேஜ் பாக்ஸில் செருகக் கூடாது. அங்கே யாராவது 48 வோல்ட் போட்டிருந்தால் அது வெளியீட்டுக்குள் திரும்பி வரும். லெவலும் மைக் உள்ளீட்டுக்கு அதிகம். ட்ரான்ஸ்பார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ ஒன்றை நடுவில் வையுங்கள்.

இதே யூஎஸ்பியில்தான் இந்தப் பெட்டியின் மிகப் பெரிய பயனும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிற பேண்டுகள் குறைவு. ஒரு நிகழ்ச்சியின் 18 தடங்களையும் லேப்டாப்பில் பதிவு செய்யுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் நிமிடத்துக்கு 155 எம்பி வரும், 90 நிமிட நிகழ்ச்சிக்குச் சுமார் 14 ஜிபி. மறுநாள் லாட்ஜ் அறையில் அதையே மிக்சருக்குத் திருப்பி அனுப்பி, யூஎஸ்பி மூலத்துக்கு மாற்றினால் பேண்டு வாசிப்பது போலவே மிக்சரில் வரும். ஒவ்வொருவரும் இயர்போன் மாட்டி நிதானமாகத் தங்கள் மிக்ஸைத் திருத்திக்கொள்ளலாம். லைன் செக்குக்கு மட்டுமே நேரம் தரும் விழாக்களுக்கு இந்த ஒரு பழக்கம் போதும், மேடையேறும்போது காது ஏற்கெனவே தயாராக இருக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை: மைக் மாறக் கூடாது. மிக்சர் அமைப்புகளைச் சேமிக்கும் ஸ்நாப்ஷாட்டில் கெய்னும் (ப்ரீஆம்ப் பெருக்கும் அளவு) சேர்ந்தே சேமிக்கப்படும். நேற்று உங்கள் மைக், இன்று ஊர்க்காரர் மைக் என்றால் அந்தக் கெய்ன் பொருந்தாது. குறைந்தபட்சம் குரல் மைக்குகளையும் கிக், ஸ்நேர் மைக்குகளையும் சொந்தமாக எடுத்துப் போங்கள். பாட்டுக்குப் பாட்டு ஸ்நாப்ஷாட் மாற்றுகிறவர்கள் எவையெல்லாம் மாறலாம் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்கோப்பில் கெய்னை விலக்கி வைக்கவும். இல்லாவிட்டால் லைன் செக்கில் கஷ்டப்பட்டுத் திருத்திய கெய்னை இரண்டாம் பாட்டின் ஸ்நாப்ஷாட் அழித்துவிடும்.

மின்சாரம் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், ஜென்செட் ஏற்ற இறக்கத்துக்கு அசையாது. ஒரு கணம் கரண்ட் போய் வந்தால்தான் ஆபத்து: மிக்சர் திரும்ப எழுந்து, ரவுட்டர் எழுந்து, போன்கள் இணையும்வரை எல்லோர் காதிலும் மௌனம். சாதாரண 600 விஏ கணினி யூபிஎஸ்ஸே ரேக்குக்குத் தாராளம். விமானத்தில் போகும்போது அதன் ஈய பாட்டரி தொல்லை, ஆகவே யூபிஎஸ்ஸை ரைடரில் எழுதி அந்த ஊரிலேயே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் ஒருவருக்கு 15 கிலோ செக்-இன் என்பதால் மிக்சர், இரண்டு ஸ்ப்ளிட்டர், ரவுட்டரை ஒரு ரேக் பையிலும், வால் கேபிள்களை இன்னொருவர் பையிலும் பிரிப்பது நல்லது. ரயிலில் போனால் அதிர்வில் ரேக் ஸ்க்ரூ தளரும். இறங்கியதும் ஒரு சுற்று முடுக்கிவிடுங்கள். உள்ளீடுகள் எல்லாம் முன்பக்கத்திலேயே இருப்பதால் கேபிளோடு மூடியை அழுத்தி மூடும் பழக்கம் துளைகளைச் சீக்கிரம் லூசாக்கும். ஸ்ப்ளிட்டருக்கும் மிக்சருக்கும் இடையில் வளைந்து நிற்கச் சற்று நீளமான கேபிள் போடுங்கள், ஆழமான பையாக வாங்குங்கள்.

யாருக்கு இது போதாது? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் போல 19 பேர், பறை, சட்டி, கானா, ராப், கிடார் என்று சேர்ந்த அமைப்புக்கு 16 உள்ளீடும் ஆறு ஆக்ஸும் எந்த மூலைக்கும் காணாது. அங்கே எக்ஸ்32 ரேக்தான் சரி. அதிலும் 16 ப்ரீஆம்ப்தான், ஆனால் ஏஇஎஸ்50 என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாக எஸ்16 ஸ்டேஜ் பாக்ஸ் சேர்த்து விரிக்கலாம். ஆக்ஸ் போலத் தனி மிக்ஸ் அனுப்பும் மிக்ஸ் பஸ் 16 இருப்பதால் ஸ்டீரியோ தாராளமாகக் கொடுக்கலாம். ரவுட்டர் வம்பே வேண்டாம் என்பவர்கள் இரட்டை அலைவரிசை வைஃபை உள்ள சவுண்ட்கிராஃப்ட் யூஐ24ஆர்-ஐப் பார்க்கலாம். பிரவுசரிலேயே இயங்கும் என்பதால் ஆப்பும் தேவையில்லை. மிடாஸ் எம்ஆர்18 இதே உடலமைப்பு. ப்ரீஆம்ப் மேம்பட்டது, விலை அதிகம். இன்-இயர் வேலைக்கு மட்டும் என்றால் அந்த வித்தியாசப் பணத்தை நல்ல இயர்போனில் போடலாம். எக்ஸ்ஆர்12, எக்ஸ்ஆர்16 இரண்டும் மைக் ப்ரீஆம்ப் குறைந்தவை. முழு டிரம் கிட்டோடு சுற்றும் பேண்டு அவற்றை வாங்கினால் சீக்கிரமே விற்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கப் பணம் இல்லையென்றால் இந்த வரிசையில் போங்கள். முதலில் எக்ஸ்ஆர்18-உம் ரவுட்டரும், டிரம்மருக்கும் பாடகருக்கும் கேபிள் இன்-இயரும். ஒத்திகையில் ஓரிரு மாதம் பழகுங்கள். அடுத்து ஸ்ப்ளிட்டரும் வால்களும். எக்ஸ்எல்ஆர் முனைகளையும் கேபிளையும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி நீங்களே பற்றவைத்தால் ரெடிமேடைவிடச் செலவு குறையும், பழுது பார்க்கவும் கை பழகும். வயர்லெஸ் இன்-இயர் கடைசியில் போதும். ஊருக்கு ஊர் அலைவரிசை நெரிசல் மாறும், ஒவ்வொரு மேடையிலும் ஸ்கேன் செய்து சேனல் தேட வேண்டும்; அதற்கென்று ஒரு ஆள் பேண்டோடு வரத் தொடங்கிய பிறகு வாங்கினால் சரியாக இருக்கும். ரேக் கொண்டுவருகிறோம் என்பதை நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே சவுண்டு கம்பெனிக்கு இன்புட் லிஸ்ட்டோடு சொல்லிவிடுங்கள். மேடையில் வந்து திடீரென்று ஸ்ப்ளிட்டரை நீட்டினால் எந்த அண்ணனுக்கும் கோபம்தான் வரும், முன்கூட்டியே தெரிந்தால் அவரே பாட்ச் போட்டுத் தயாராக நிற்பார்.